கழிமுகத்தில் கருவி இறக்கிக் காத்திருப்பவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆறு கடலைத் தொடும் இடத்தை முகத்துவாரம், கழிமுகம், கழி என்று ஊருக்கு ஒரு பெயரில் சொல்கிறோம். அப்படிப்பட்ட இடங்கள் சிலவற்றை ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிப் பல ஆண்டுகளாக விடாமல் அளந்துவரும் ஏற்பாடு அமெரிக்காவில் இருக்கிறது. தேசியக் கழிமுக ஆய்வுக் காப்பகங்கள் என்று அதற்குப் பெயர். கடல் உயிரியல் படிக்கும் மாணவர்களும், விஷயம் தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட நண்பர்களும் அதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

காப்பகம் என்றால் வேடந்தாங்கல் போன்ற சரணாலயமா?

பாதி அப்படி. சரணாலயத்தில் முதல் கவலை அங்கே வாழும் பறவையோ விலங்கோதான். இங்கே இடம் கெடாமல் இருப்பதோடு, அந்த இடத்தில் எடுக்கும் அளவு பத்து வருடம் கழித்தும் ஒப்பிட உதவ வேண்டும் என்பதும் சேர்ந்துகொள்கிறது. 1972இல் வந்த கரையோர மண்டல மேலாண்மைச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. முதல் காப்பகம் 1974இல் ஆரிகன் மாநிலத்தின் சவுத் ஸ்லூவில் அமைந்தது. அப்போது பெயரே 'கழிமுகச் சரணாலயம்' என்றுதான் இருந்தது. 1980களில்தான் 'ஆய்வுக் காப்பகம்' என்று மாற்றினார்கள். 2022இல் கனெக்டிகட் 30ஆவதாகச் சேர்ந்தது. அலாஸ்காவின் குளிர்ந்த கச்சமாக் விரிகுடாவும் இந்த வரிசையில் உண்டு, போர்ட்டோ ரிக்கோவின் அலையாத்திக் காடும் உண்டு.

யார் நடத்துகிறார்கள்?

மத்திய அரசின் கடல், வளிமண்டல நிர்வாக அமைப்பான நோவாவும் அந்தந்த மாநிலமும் சேர்ந்து நடத்துகின்றன. அன்றாட வேலையைப் பார்ப்பது மாநிலத் துறையோ பல்கலைக்கழகமோதான். நடைமுறைச் செலவில் மத்திய அரசு 70 சதவீதம் தந்தால் மாநிலப் பக்கம் 30 சதவீதம் போட வேண்டும்.

ஏரிக் கரையிலும் காப்பகம் இருக்கிறதாமே? கடலே இல்லாமல் கழிமுகமா?

ஈரி ஏரியில் ஒன்றும் சுப்பீரியர் ஏரியில் ஒன்றும் இருக்கின்றன. அங்கே உப்பு கிடையாது. ஆனால் ஆற்று நீரும் ஏரி நீரும் குணத்தில் வேறு. காற்று பலமாக வீசினால் ஏரி ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஆற்றுக்குள் தண்ணீர் திரும்பி ஏறும். இரண்டு நீரும் மோதிக் கலக்கும் இடம் என்ற வகையில் அதுவும் கழிமுகம்தான் என்று கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

உள்ளே மீன் பிடிக்கலாமா?

பெரும்பாலான இடங்களில் பிடிக்கலாம். அந்தந்த மாநிலச் சட்டம் என்ன சொல்கிறதோ அதுதான். ஆளே நுழையாத கோட்டையாக வைத்திருந்தால், ஆள் புழங்கும் கழிமுகம் எப்படி மாறுகிறது என்று தெரிந்துகொள்ள வழியிருக்காது.

என்னதான் அளக்கிறார்கள்?

எல்லாக் காப்பகமும் ஒரே முறையில் அளக்க வேண்டும் என்று 1995இல் ஒரு பொதுத் திட்டம் தொடங்கினார்கள். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஸ்வாம்ப்' என்றே கூப்பிடுகிறார்கள். சதுப்பு என்று பொருள் வருவது அவர்களுக்குப் பிடித்துப்போயிருக்க வேண்டும். ஒவ்வொரு காப்பகத்திலும் குறைந்தது நான்கு இடங்களில் நீரின் வெப்பநிலை, உப்பளவு, கரைந்த ஆக்சிஜன், அமிலகாரத்தன்மை, கலங்கல், ஆழம் ஆகியவற்றைத் தண்ணீருக்குள்ளேயே இருக்கும் கருவி பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிந்துகொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு வானிலை நிலையம். மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர் எடுத்து நைட்ரேட், பாஸ்பேட், பச்சையம் பார்ப்பார்கள். அந்த மாதப் பரிசோதனையில் ஒரு பகுதி நிலாக் கணக்கில் ஒரு முழு நாள், அதாவது ஏறத்தாழ 24 மணி 50 நிமிடம் நீளும். ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், ஒரு சுற்று முழுதாக ஏறி வற்றுவதைத் தவறவிடக் கூடாது என்பதற்காக.

இதற்கு மேல் தாவரங்கள், கடற்புல், தரைமட்டம், வெளியிலிருந்து வந்து குடியேறும் நண்டு என்று இடத்துக்கு இடம் வேறுபடும்.

பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எதற்கு? வாரம் ஒருநாள் பாட்டிலில் தண்ணீர் பிடித்தால் போதாதா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு எப்போதும் பிடிக்கும்.

காலை பத்து மணிக்கு ஒருவர் படகில் போய்த் தண்ணீர் எடுக்கிறார் என்று வையுங்கள். வெயில் ஏறியிருக்கிறது, பாசி ஆக்சிஜன் விட ஆரம்பித்திருக்கிறது. அளந்தால் எண் நன்றாகவே வரும். அதே இடத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரியாது. இரவு முழுக்க ஆக்சிஜன் உண்டாக்க வெளிச்சம் இல்லை. பாசி, மீன், சேற்றில் இருக்கும் பாக்டீரியா எல்லாமே ஆக்சிஜனை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அதனால் விடியும் வேளையில்தான் அது அடிமட்டத்துக்குப் போகும். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் பல மீன்களுக்கு மூச்சு முட்டிவிடும். வாரம் ஒருமுறை, அதுவும் அலுவலக நேரத்தில் மட்டும் அளக்கிறவர் பத்து வருடம் அளந்தாலும் அந்த ஐந்து மணியைப் பார்க்கவே மாட்டார். 'தண்ணீர் நன்றாக இருக்கிறது' என்று மனசாட்சியோடு எழுதிக்கொடுப்பார். எழுதியதும் பொய்யில்லை.

கலிஃபோர்னியாவில் மான்டரே விரிகுடாவை ஒட்டிய எல்க்ஹார்ன் ஸ்லூ காப்பகத்தில் அசெவெடோ குளம் என்று ஓர் இடம். மேலே சரிவில் ஸ்ட்ராபெர்ரி வயல்கள். உரம் கலந்த நீர் கீழே வரும், ஓதமோ சிறு குழாய் வழியாகத்தான் நுழைய முடியும். அங்கே பகலில் ஆக்சிஜன், தண்ணீர் இயல்பாகக் கரைத்துவைத்திருக்கும் அளவின் நூறு சதவீதத்தைத் தாண்டி எகிறும், இரவில் இல்லாமலே போகும். வரைபடத்தில் பார்த்தால் ரம்பப் பல்மாதிரி இருக்கும். சராசரி எடுத்தால் ஆரோக்கியமான குளம் என்று தோன்றும். அங்கே வாழும் மீன் சராசரியில் வாழ்வதில்லையே.

ஓதத்துக்கும் இதே கதை. அது நாளுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். தினமும் ஒரே மணிக்கு உப்பு பார்ப்பவருக்கு, ஏறும் நாளில் கடலும் வற்றும் நாளில் ஆறும் கிடைக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உப்பு கூடிக் குறைகிறது என்று அவர் ஒரு கண்டுபிடிப்பை அறிவித்தாலும் ஆச்சரியமில்லை.

உப்புத் தண்ணீரில் மின்னணுக் கருவி எத்தனை நாள் தாங்கும்?

கருவி தாங்கிவிடும். அதில் வந்து குடியேறுகிறவர்கள்தான் பிரச்சினை.

கருவியை 'சோண்ட்' என்பார்கள். முழங்கைக்கு மேல் நீளமான குழாய், ஒரு முனையில் உணரிகள் கொத்தாக நிற்கும். துளை போட்ட பிவிசி குழாயைத் தூணோடு கட்டி, அதற்குள் இதை இறக்குவார்கள். இரண்டு, மூன்று வாரம் கழித்துத் தூக்கினால் முதலில் துள்ளி ஓடுவது குட்டி நண்டு. பிறகு இறால் குஞ்சு, சேறு, வழுவழுப்பான பாசி. கோடையில் கொட்டலசு: தோணியின் அடியில் சுண்ணாம்புக் கொப்புளமாக ஒட்டிக்கொண்டு காலைக் கிழிக்குமே, அதேதான். ஒரு நண்டு கலங்கல் உணரியின் கண் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டால் கருவி என்ன செய்யும்? வெள்ளம் வந்துவிட்டது என்று எழுதும். ஆக்சிஜன் உணரிமேல் பாசி படர்ந்தால், அந்தப் பாசி விடும் ஆக்சிஜனை ஆற்றின் ஆக்சிஜனாகப் பதியும்.

இதற்காக உணரிகளைச் சுற்றிச் செம்பு உறை போடுகிறார்கள். செம்பில் எதுவும் எளிதில் ஒட்டாது. கார்க் கண்ணாடித் துடைப்பான்போல ஒரு சின்னத் தூரிகை அளப்பதற்கு முன் ஒருமுறை சுற்றித் துடைக்கும். இவ்வளவும் செய்தாலும் நம்பிவிட மாட்டார்கள். பழைய கருவியை எடுக்கும்போதே சுத்தம் செய்து சரிபார்த்த இன்னொன்றை அதே இடத்தில் இறக்குவார்கள். பழையதை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், அளவு தெரிந்த கரைசல்களில் முக்குவார்கள். அமிலகாரத்தன்மை 7 உள்ள கரைசலில் அது 7 காட்டுகிறதா? ஈரம் நிறைந்த காற்றில் ஆக்சிஜன் 100 சதவீதம் வருகிறதா? எவ்வளவு தள்ளிப்போயிருக்கிறது? அந்தத் தள்ளாட்டத்தைக் குறித்துவைத்தால்தான் கடந்த மூன்று வாரத் தரவில் எந்த நாளிலிருந்து சந்தேகப்பட வேண்டும் என்று தெரியும்.

ஆராய்ச்சி என்றதும் நுண்ணோக்கியும் வெள்ளைக் கோட்டும்தான் நமக்கு நினைவு வரும். இந்த வேலையில் பெரும்பகுதி, சேற்றில் நின்று பல் தேய்க்கும் பிரஷ்ஷால் கொட்டலசைச் சுரண்டுவதுதான்.

கடல்மட்டம் ஏறுகிறது என்கிறார்கள். சதுப்பு நிலம் மூழ்குகிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்?

சதுப்பு சும்மா கிடக்கும் தரை இல்லை. ஓதம் கொண்டுவரும் வண்டலும் செத்த வேரும் சேர்ந்து அதுவும் மெல்ல உயரும். கடல் ஏறும் வேகத்துக்கு அது ஈடுகொடுக்கிறதா என்பதே கேள்வி. வருடத்துக்கு ஒருசில மில்லிமீட்டர் விஷயம். காலடி வைத்தாலே அதைவிட அதிகம் அமுங்கிவிடும் தரையில் இதை அளக்க வேண்டும்!

ஒரு எஃகுக் கம்பியை இனி இறங்காது என்கிற வரை, பல மீட்டர் ஆழத்துக்கு அடித்து இறக்குகிறார்கள். அது அசையாத புள்ளி. அதன் தலையில் கிடைமட்டமாக ஒரு கை பொருத்தி, அதிலிருந்து ஒன்பது ஊசிகளைத் தரை தொடும்வரை மெதுவாக இறக்குவார்கள். கையை நான்கு திசைக்குத் திருப்பினால் 36 அளவு. அடுத்த வருடம் அதே ஊசி, அதே புள்ளி. அளப்பவர் தரையில் கால் வைக்கக் கூடாது, பலகைமேல் குப்புறப் படுத்துத்தான் பார்ப்பார்.

பக்கத்திலேயே ஒரு சதுரத்தில் வெள்ளைக் களிக்கல் பொடியைத் தூவிவிட்டு வருவார்கள். ஓரிரண்டு வருடம் கழித்து அங்கே சிறு குழாயால் மண்ணைக் குத்தி எடுத்தால், புட்டுக் குழாயில் மாவுக்கு நடுவே தேங்காய்த் துருவல் தெரிவதுபோல் கறுப்புச் சேற்றுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு தெரியும். கோட்டுக்கு மேலே இருப்பது தூவிய பிறகு வந்த வண்டல். மேலே பத்து மில்லிமீட்டர் சேர்ந்தும் ஊசிக் கணக்கில் தரை நான்கு மட்டுமே உயர்ந்திருந்தால், மீதி ஆறு அடியில் அமுங்கிப்போயிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நோய் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பிடிபடும்.

2016இல் பல காப்பகங்களின் சதுப்புகளை இப்படி ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். பசிபிக் கரையில் நிலைமை பொதுவாகப் பரவாயில்லை. அட்லாண்டிக் கரையில், குறிப்பாக நியூ இங்கிலாந்தின் தென்பகுதியில், ஆபத்து அதிகம் என்று தெரிந்தது. எல்லாரும் ஒரே முறையில் அளந்திருக்காவிட்டால் அப்படி ஒப்பிட்டிருக்கவே முடியாது.

சரி, அளந்து அளந்து என்ன ஆனது? எங்காவது எதுவும் மாறியதா?

மீண்டும் எல்க்ஹார்ன் ஸ்லூவுக்கே வருகிறேன். அங்கே 1940களில் மாஸ் லேண்டிங் துறைமுகத்துக்காகக் கடலுக்கு நேர்வழி வெட்டினார்கள். ஓதம் வேகமாக உள்ளே பாய்ந்து ஓடைக் கரைகளை அரிக்க ஆரம்பித்தது. அதற்கு முன்பே மேய்ச்சலுக்காகக் கரைகட்டி நீர் வடித்த இடங்களில் மண் காய்ந்து தாழ்ந்துபோயிருந்தது. பின்னர் கடல்நீர் திரும்ப வந்தபோது அங்கே செடி முளைக்கவில்லை. தரை செடிக்கு வேண்டிய மட்டத்துக்குக் கீழே கிடந்தது. தரை எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று அளந்திருந்ததால்தான் எவ்வளவு மண் போட வேண்டும் என்று கணக்கிட முடிந்தது. 2018இல் ஹெஸ்டர் சதுப்பில் 60 ஏக்கர் அளவுக்கு மண் கொட்டித் தரையை உயர்த்தினார்கள். அந்த மண்ணின் பெரும்பகுதி பக்கத்துப் பஹாரோ ஆற்றின் வெள்ளத் தடுப்பு வேலையில் தோண்டியது.

அதே இடத்தில் இன்னொரு சுவையான சங்கதி. தோலுக்காக வேட்டையாடி ஏறக்குறைய அற்றுப்போன கடல்நீர்நாய்கள் இந்தக் கழிக்குத் திரும்பி வந்தன. அவற்றுக்கு நண்டு என்றால் உயிர். நண்டோ சதுப்புச் செடியின் வேரைத் தின்று கரையில் வளை தோண்டுகிறது. நீர்நாய் நிறைய இருந்த ஓடைகளில் கரை அரிப்பு தெளிவாகக் குறைந்திருந்ததாக 2024 ஜனவரியில் நேச்சர் இதழில் ஆய்வு வந்தது. நீர்நாய் நுழையாதபடி சில இடங்களில் கூண்டு போட்டு மூன்று வருடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பழைய வான்படங்களிலிருந்து கரை எந்த வேகத்தில் கரைந்தது என்ற கணக்கும் கையில் இருந்தது. பழைய கணக்கு இல்லாவிட்டால் 'குறைந்தது' என்ற சொல்லுக்கே இடமில்லை.

அளந்தும் காப்பாற்ற முடியாத இடம் உண்டா?

உண்டு. ஃப்ளோரிடாவின் அப்பலாச்சிகோலா விரிகுடாக் காப்பகம். ஒருகாலத்தில் அந்த மாநிலத்தின் சிப்பியில் பத்தில் ஒன்பது பங்கு இந்த விரிகுடாவிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். மேலே ஜார்ஜியா மாநிலத்தில் அட்லாண்டா நகரமும் விவசாயமும் எடுத்தது போக மிச்ச ஆற்றுநீர்தான் இங்கே வந்து சேரும். 2012 வறட்சியில் நன்னீர் குறைந்து உப்பு ஏறியது. உப்பு ஏறினால் சிப்பியைத் துளைத்துத் தின்னும் நத்தை போன்றவை பெருகும். சிப்பித் தொழில் படுத்துவிட்டது.

சிப்பித் திட்டுகளான கேட் பாயின்டிலும் டிரை பாரிலும் காப்பகத்தின் கருவிகள் உப்பு ஏறியதைப் பதிந்துகொண்டுதான் இருந்தன. ஃப்ளோரிடா ஜார்ஜியாமீது வழக்குத் தொடுத்தது. காவிரி வழக்கைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது எங்கே போய் முடியும் என்று யூகிக்க முடியும். 2021 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ஃப்ளோரிடாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சிப்பி அழிந்தது ஜார்ஜியா தண்ணீர் எடுத்ததால்தான் என்று நிறுவப்படவில்லை, ஃப்ளோரிடாவே அளவுக்கு மீறிச் சிப்பி எடுக்க விட்டதும் காரணமாக இருக்கலாம் என்றது. அதற்கு முன்பே, 2020 இறுதியில், விரிகுடாவில் சிப்பி எடுப்பதை மாநிலம் ஐந்தாண்டுக்குத் தடை செய்திருந்தது. உப்பு எவ்வளவு ஏறியது என்பதைக் கருவி சொல்லும். யார் ஏற்றினார்கள் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்ல வேண்டுமானால் சிப்பி எத்தனை இருந்தது, எத்தனை எடுத்தார்கள் என்ற கணக்கையும் அதே கறாரோடு வைத்திருக்க வேண்டும்.

விஞ்ஞானி அல்லாதவர்களுக்கு இதில் வேலை உண்டா?

நிறைய. எல்க்ஹார்னில் 1988 முதல் தன்னார்வலர்கள் மாதந்தோறும் இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் தண்ணீர் அளந்து வருகிறார்கள். தானியங்கித் திட்டம் தொடங்கியதே அதற்கு ஏழு வருடம் கழித்துத்தான்.

நம் ஊரில் இப்படி ஏதாவது இருக்கிறதா?

இதே பெயரில், இதே அமைப்பில் இல்லை. ஆனால் வெள்ளாற்றின் கழிமுகத்தில், பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் 1960களிலிருந்து இருக்கிறது. வெள்ளாற்றுக் கழிமுகத்தின் உப்பும் மிதவையுயிரியும் பற்றித் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் ஆய்வேடு எழுதியிருக்கிறார்கள். என் குறை ஒன்றே ஒன்று: ஒவ்வொருவரும் தன் பட்டத்துக்கு வேண்டிய இரண்டு மூன்று வருடத்தை, தன் முறையில், தன் இடத்தில் அளந்தார்கள். மணிகள் நிறைய உண்டு, கோக்க நூல் இல்லை.

நூல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையிலுள்ள பிச்சாவரமே சாட்சி. 2004 சுனாமிக்குப் பிறகு அப்பகுதியின் 18 மீனவக் குடியிருப்புகளைப் பார்த்த அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அலையாத்திக் காடு உயிர்ச்சேதத்தைக் குறைத்தது என்று 2005இல் எழுதினார்கள். அடுத்த வருடமே வேறு ஆய்வாளர்கள் அதே தரவை மறுபடி கணக்கிட்டு, கடலிலிருந்து தூரமும் தரையின் உயரமுமே பெரும்பகுதியை விளக்கிவிடுகின்றன என்றார்கள். காடு காப்பாற்றியதா, மேடு காப்பாற்றியதா? காடு வளர்வதே கரையிலிருந்து தள்ளிய இடத்தில் என்றால் இரண்டையும் பிரிப்பது கடினம்.

நல்ல உதாரணமும் அங்கேயே இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் மொத்தமாக வெட்டிய இடங்களில் பிச்சாவரக் காடு திரும்ப வளரவில்லை. ஊர் ஆட்களின் ஆடு மாடுதான் காரணம் என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தரையைப் பார்த்தபோது, வெட்டிய இடம் நடுவில் தாழ்ந்து தொட்டியாகியிருந்தது. ஏறிய ஓதநீர் வெளியேறாமல் அங்கேயே தேங்கிக் காய்ந்து உப்பை விட்டுப்போனது. மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டி நீரை உள்ளே வரவும் வெளியே போகவும் விட்டார்கள். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து செய்த வேலை அது. கண்டல் திரும்ப வந்தது. பிச்சாவரம் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது.

தரவு எனக்குக் கிடைக்குமா? பணம் கட்ட வேண்டுமா?

இலவசம். எல்லாக் காப்பகங்களின் தரவும் தென் கரோலினாப் பல்கலைக்கழகத்தின் பரூக் கடல் ஆய்வு நிலையத்தில் உள்ள மையத் தரவு அலுவலகத்தில் சேர்கிறது. இணையத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். 'ஆர்' (R) என்ற கணினி நிரல்மொழி தெரிந்தவர்களுக்கு இதற்கென்றே ஒரு நிரல் தொகுப்பும் இருக்கிறது.

இறக்கியதும் ஒவ்வோர் அளவுக்குப் பக்கத்திலும் ஒரு குறி எண் இருக்கும். அதைப் பார்க்காமல் வரைபடம் போட்டுவிடாதீர்கள். 0 என்றால் முதல் சோதனையில் தேறியது. 1 என்றால் சந்தேகம். 5 திருத்தப்பட்டது. -2 என்றால் அளவே இல்லை. -3 என்றால் நிராகரித்தது, மேலே சொன்ன நண்டின் கைங்கரியமாக இருக்கலாம். தவறான எண்ணை அழித்துவிடாமல், தவறு என்று முத்திரை குத்தி அப்படியே வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த பழக்கம். இன்னொன்று: தொடக்க வருடங்களில் அரைமணிக்கு ஒருமுறைதான் பதிந்தார்கள், பிறகே 15 நிமிடமானது. ஆக்சிஜன் உணரியும் பழைய சவ்வு வகையிலிருந்து ஒளி வகைக்கு மாறியது. நீண்டகாலப் போக்கு பார்ப்பவர்கள் இந்த இரண்டு திருப்பங்களையும் கோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும்.

நான் எடுத்த தரவில் கோடைகாலத்தில் எல்லாமே ஒரு மணி நேரம் தள்ளி இருக்கிறது. கோளாறா?

இல்லை. அமெரிக்காவில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள். கருவிகளைத் தள்ளுவதில்லை, அவை வருடம் முழுக்க ஒரே நேரத்தில்தான் ஓடும். தள்ளினால் வசந்தத்தில் ஒரு மணி காணாமல் போகும், இலையுதிர்காலத்தில் ஒரு மணி இரண்டுமுறை வரும். அங்கே எடுத்த புகைப்படத்தையோ செய்திக் குறிப்பையோ தரவோடு ஒப்பிடும்போது அந்த ஒரு மணியைக் கழித்துப் பாருங்கள், சரியாகப் பொருந்தும்.